விகாரவியல்: கோணிய உருவங்களுக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

பாயிரம் இல்லாததை நம் இலக்கண ஆசிரியர்கள் நூல் வரிசையிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆகவே முதலில் அந்தக் கடன்.

நூற்பெயர்: விகாரவியல். நுதலிய பொருள்: கழுத்து நீண்டும், வயிறு பருத்தும், முகம் கலைந்தும், தலையே போயும் நிற்கிற இக்கால ஓவிய, சிற்ப உருவங்கள். எல்லை: வடக்கே பெர்லின், தெற்கே மெடயின், கிழக்கே சாந்திநிகேதன், மேற்கே சிகாகோ. கேட்போர்: கலைக்கூடத்தில் அப்படி ஓர் உருவத்தின் முன்னால் மாட்டிக்கொண்டு, சிற்பத்தைப் பார்ப்பதா கூட வந்தவர் முகத்தைப் பார்ப்பதா என்று விழிக்கும் அனைவரும். யாப்பு: உரைநடை, நடுநடுவே சூத்திரம் என்ற பெயரில் சில வரிகள் வரும், பொறுத்தருள்க.

வழி: இது முதல்நூல் அன்று. நன்னூல் எழுதிய பவணந்தியார், செய்யுளில் ஒரு சொல் எப்படியெல்லாம் உருமாறலாம் என்று ஒன்பது வகை வகுத்தார். நீளலாம், குறுகலாம், விரியலாம், சுருங்கலாம், வலிக்கலாம், மெலியலாம்; தலை, இடை, கடை என மூன்று இடத்திலும் குறையலாம். நிழல் நீழலாகும், தாமரை மரையாகும். சொல்லுக்கு வகுத்த அந்த ஒன்பதையும் வெண்கலத்துக்கும் மரத்துக்கும் கித்தானுக்கும் மாட்டிப் பார்ப்பது இந்நூலாசிரியனின் துணிச்சல். பவணந்தியாருக்கு இதில் பங்கில்லை.

அவர் விதித்த நிபந்தனையை மட்டும் நாமும் விடவில்லை. செய்யுள் கேட்டால்தான் சொல்லை மாற்றலாம். தளையும் எதுகையும் கேட்காதபோது நீட்டினால் அது வெறும் பிழை. இதிலிருந்து பிறக்கிறது முதற் சூத்திரம்:

கோணிய மேனியைக் குற்றம் என்னற்க;
கோணச் சொன்னது யாதென வினவுக.

தடையும் விடையும்

ஒரு சாரார் கூறுவர்: "இவர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது, அதனால்தான் கோணலாக வருகிறது." அற்றன்று. என்னை? சிற்பி ரோதேன் கதை இருக்கிறது. 1877இல் அவர் 'வெண்கல யுகம்' என்ற ஆண் உருவத்தைக் காட்சிக்கு வைத்தார். தசையும் எலும்பும் அவ்வளவு கச்சிதம். உயிருள்ள ஆளின் மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று பழி வந்தது. அதே ரோதேன் 1898இல் நாவலாசிரியர் பால்சாக்கை ஓர் அங்கிக்குள் சுருட்டி, தலையை மட்டும் பாறை போலத் தூக்கி நிறுத்தினார். சிலையைக் கேட்டிருந்த எழுத்தாளர் சங்கம் இது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. நேராகச் செய்ததற்கும் ஏச்சு, கோணலாகச் செய்ததற்கும் ஏச்சு. திறமை இரண்டிலும் ஒன்றுதான்.

மற்றொரு சாரார் கூறுவர்: "கண்ணில் கோளாறு." ஓவியர் எல் கிரேக்கோவின் புனிதர்கள் ஒல்லியாக வானை நோக்கி இழுபட்டிருப்பதற்கு அவருக்கிருந்த பார்வைக் குறையே காரணம் என்று கண் மருத்துவர்களே வாதிட்டதுண்டு. இதை ஓர் உரைகாரனால் ஒரு வரியில் தள்ளிவிட முடியும். குறையுள்ள கண்ணுக்கு ஆள் நீளமாகத் தெரிந்தால், அவர் வரைந்த படமும் அதே கண்ணுக்கு இன்னும் நீளமாகத் தெரியும். அவர் அதைச் சரிசெய்துகொள்வார். நமக்குக் கிடைப்பது சாதாரண உயரமுள்ள புனிதராகவே இருக்கும். ஆகவே அந்த நீட்சி கையும் மனமும் சேர்ந்து செய்தது.

நீட்டலும் குறுக்கலும்

இவ்விரண்டுக்கும் ஒரே ஆசிரியர், சுவிட்சர்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த அல்பெர்த்தோ ஜியாகொமெட்டி. வரிசைப்படி குறுக்கலே முதலில் நிகழ்ந்தது. ஓர் இரவு பாரிசின் சாந்-மிஷேல் சாலையில் தோழி இசபெல் தூரத்தில் நிற்பதைக் கண்டார். அந்தத் தூரத்தோடு சேர்த்து அவளைச் செய்துவிட வேண்டும் என்று மனத்தில் பதிந்துவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிலையில் தூரத்தை எப்படிக் கொண்டுவருவது? சிலை சிறுத்துக்கொண்டே போயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனீவாவில் இருந்தவர், சில வருட உழைப்பைத் தீப்பெட்டிகளில் போட்டு எடுத்துக்கொண்டு பாரிஸ் திரும்பினார்.

இனிச் சிறுக்க விடுவதில்லை என்று உறுதி பூண்டு உயரத்தைக் கூட்டினார். உருவம் உயர்ந்தது, ஆனால் அகலம் ஓடிப்போயிற்று. 1960இல் செய்த 'நடக்கும் மனிதன்' ஏறக்குறைய ஆறடி. கிட்டே போய்ப் பார்த்தால் முழங்கால் எது, தொடை எது என்று பிரிக்க முடியாது. கிள்ளி எடுத்த களிமண்ணின் தடமும் கத்திக் கீறலும் அப்படியே வெண்கலமாகியிருக்கும். பாதங்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமனில், பீடத்திலிருந்து கிளம்ப மனமில்லாமல் ஒட்டிக்கிடக்கும். பத்தடி பின்னால் வந்தால் அதே கட்டிமுட்டிகள் சேர்ந்து ஓர் ஆளாகி நடக்கும். இங்கே நீட்டச் சொன்னது தூரம். எவ்வளவு அருகில் போனாலும் எட்டாத ஆள் வேண்டியிருந்தது அவருக்கு. எட்டாத ஆளுக்கு அகலம் இராது.

மெலித்தலும் வலித்தலும்

மெலித்தலுக்கு இலக்கியம் சோம்நாத் ஹோர் (1921–2006). சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களைக் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காக நேரில் பார்த்து வரைந்தவர். பிற்காலத்தில் சாந்திநிகேதனில் வெண்கலத்துக்கு வந்தபோது களிமண்ணில் உருவம் பிடித்து வார்க்கவில்லை. மெழுகைத் தகடாக்கி, வெட்டி, மடித்து, ஒட்டி, அதை வார்த்தார். ஆகவே அவருடைய மனிதர்களுக்கு உள்ளே சதை இல்லை. விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு, வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிழிசல். பட்டினியைச் சித்திரிக்கும் சிலை என்று இதைச் சொல்வது போதாது, செய்முறையே பட்டினி. இந்த வகைக்கு வேறு சான்று தேவையில்லை.

வலித்தலுக்கு இலக்கியம் கராச்சியில் 1962இல் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஹுமா பாபா. கார்க், தெர்மாகோல், கம்பி வலை என்று தெருவோரத்தில் கிடப்பதையெல்லாம் அடுக்கி, செதுக்கி, சாயம் பூசி ஆள் செய்வார், வெண்கலத்திலும் வார்ப்பார். 2018இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக மொட்டைமாடியில் 'நாங்கள் சமாதானமாக வருகிறோம்' என்ற தலைப்பில் பன்னிரண்டடி உருவம் ஒன்றை நிறுத்தினார். எதிரே 'பேநாம்', பெயரில்லாதவர் என்று ஓர் உருவம். கறுப்பு பிளாஸ்டிக் போன்ற போர்வைக்கடியில் தரையோடு தரையாகக் கிடந்தது, கைகள் வெளியே நீண்டிருந்தன. குப்பைக்குப் போக வேண்டியது வெண்கலமாகி வலித்துவிட்டது. அதைக் கேட்டது எது? போரில் எறியப்படும் உடம்புகள் குப்பையாகவே எண்ணப்படுவதுதான்.

விரித்தல், அதனோடு ஒரு சோதனை

விரித்தலின் பேராசிரியர் கொலம்பியாவின் ஃபெர்னாண்டோ பொத்தேரோ (1932–2023). 1956இல் மெக்சிகோவில் இருந்தபோது ஒரு மாண்டலின் வாத்தியத்தை வரைந்தார். நடுவிலுள்ள ஓசைத் துளையைச் சற்றுச் சிறிதாகப் போட்டுவிட்டார்; உடனே வாத்தியம் பிரம்மாண்டமாய் ஊதிப்போனதைக் கண்டார். அன்று பிடித்ததுதான். பாதிரியார், ராணுவத் தளபதி, பூனை, பேரிக்காய் என்று எல்லாம் பருத்தன. தான் குண்டு மனிதர்களை வரைவதில்லை, கன அளவை வரைகிறேன் என்று கடைசிவரை சாதித்தார்.

இங்குதான் இந்நூலின் சோதனைமுறையை வைக்கிறோம். அதன் பெயர் நேராக்கல். சூத்திரம்:

மனத்தினுள் நிமிர்த்துக; நிமிர்த்தியபின் நோக்குக;
போனது உண்டேல் விகாரம், இன்றேல் வழு.

பொத்தேரோவின் பூனையை இளைக்க வைத்துப் பாருங்கள். நல்ல பூனைதான் கிடைக்கும், இழப்பு ஒன்றுமில்லை. அந்தப் பருமன் கடைப்பெயர் போல ஆகிவிட்டது, யாப்பு கேட்டு வந்ததன்று. ஆனால் 2004இல் ஈராக்கின் அபு கிரைப் சிறைக் கொடுமைகள் வெளிவந்ததும் அவர் வரைந்த தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டப்பட்டு, முகம் மூடப்பட்டு, நாய்களின் முன் கிடக்கும் கைதிகளும் அதே பருமனில்தான் இருக்கிறார்கள். அவர்களை மெலிய வைத்தால் நாம் பார்த்துப் பழகிய செய்திப்படம் வந்துவிடும். பருத்திருப்பதால் மறைக்க முடியாத சதை, அடிபட இத்தனை இடமுள்ள உடம்பு கண்முன் நிற்கிறது. அதே ஆசிரியர், அதே விரித்தல். ஒன்றில் வழு, ஒன்றில் விகாரம். அத்தொடரை அவர் விற்கவில்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பு. 1995 ஜூனில் மெடயின் நகரப் பூங்கா ஒன்றில் அவருடைய வெண்கலப் பறவைக்குள் குண்டு வைத்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வயிறு பிளந்து கிழிந்த பறவையை அகற்ற வேண்டாம் என்று சொல்லி, 2000இல் அதன் பக்கத்திலேயே முழுப் பறவை ஒன்றைச் செய்து கொடுத்தார். ஒன்றை விரித்தது கலைஞர். மற்றதை விரித்தது வெடிமருந்து. இரண்டையும் அருகருகே பார்க்கிறவருக்கு வகைப்பாட்டு வகுப்பு தேவைப்படாது.

தொகுத்தல்

இருக்க வேண்டியதை விட்டு நெருக்குவது தொகுத்தல். ஜெர்மானியச் சிற்பி தாமஸ் ஷூட்டே 1990களின் தொடக்கத்தில் 'ஒன்றுபட்ட பகைவர்' என்று ஒரு வரிசை செய்தார். பிள்ளைகள் விளையாடும் வகைக் களிமண்ணில் முஷ்டியளவு தலைகள். வழுக்கை, சுருங்கிய வாய், கசந்த பார்வை. உடம்புக்குக் குச்சிகள், அதன்மேல் சுற்றிய துணி. இப்படி இரண்டு கிழவர்களை ஒன்றாகக் கயிற்றால் கட்டிக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார். முகங்கள் ஒன்றையொன்று பார்க்க மறுக்கின்றன. உடம்போ பிரிய வழியில்லை. கூட்டணி ஆட்சி என்ற சொல்லைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த நமக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

முக்குறை

முதற்குறை: தாமரை மரையாவது போலத் தலை நீங்குவது. போலந்துச் சிற்பி மக்தலேனா அபகானோவிச் 2006இல் சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் 'அகோரா' என்ற பெயரில் 106 இரும்பு மனிதர்களை நிறுத்தினார். ஒவ்வொருவரும் ஒன்பதடி, ஒருவருக்கும் தலையில்லை. பல திசைகளில் நடக்கிறார்கள். தலை இருந்திருந்தால் நாம் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு 'இவர் நல்லவர்' என்று ஆறுதல் அடைந்திருப்போம். கூட்டம் கூட்டமாகவே தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையைக் கேட்டது இந்த யாப்பு.

இடைக்குறை: ஓந்தி ஓதியாவது போல நடு நீங்குவது. 1940 மே 14இல் ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதியை எரித்தழித்தன. 1953இல் சிற்பி ஒசிப் ஸட்கின் அங்கே ஒரு வெண்கல உருவம் நிறுத்தினார்: கைகள் வானைத் தடுக்கின்றன, உடம்பின் நடுவே ஓட்டை. நகரத்தில் எது இல்லையோ அது சிலையிலும் இல்லை. இக்காலத்தவரான புரூனோ கத்தலானோவும் நடுவை எடுக்கிறார். மொராக்கோவில் பிறந்து மாலுமியாகத் திரிந்த அவருடைய 'பயணிகள்' தோளிலிருந்து தொடைவரை காணாமல் போனவர்கள். பின்னாலிருக்கும் கடல் அந்த இடைவெளியில் தெரியும். விழாமல் நிற்பது எப்படி என்று உற்றுப் பார்த்தால் விடை கையிலிருக்கும் பெட்டியில் இருக்கிறது. மேலுடம்பையும் காலையும் இணைப்பது அந்தப் பெட்டி ஒன்றே. ஊரை விட்டுப் போனவரிடம் மூட்டையைத் தவிர வேறெது தொடர்ச்சியாக இருக்கிறது?

கடைக்குறை: நீலம் நீல் ஆவது போல அடி நீங்குவது. ஸ்பெயினின் ஹுவான் முன்யோஸ் (1953–2001) செய்த 'உரையாடல்' உருவங்களுக்கு இடுப்புக்குக் கீழே கால் இல்லை, உருண்ட மூட்டை மட்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அடிப்பாகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் ஒரு தொகுதி உண்டு. ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்கிறார்கள், ஒருவரை ஒருவர் இழுக்கிறார்கள். நாம் நடுவில் புகுந்து நடக்கலாம். பேச்சில் மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கால் இல்லாததால் அவர்களாலும் விலகிப் போக முடியாது. பேச்சை விட்டு எழ முடியாதவர்களுக்குக் கால் எதற்கு என்பது இதன் யாப்பு.

புறனடை

ஒன்பது வகை வகுத்த பின் அதற்குள் அடங்காதது ஒன்று வந்து நிற்கும் என்பது எல்லா இலக்கணிகளுக்கும் தெரிந்த ரகசியம். அதற்காகத்தான் புறனடை என்ற பின்வாசல்.

முதலில் உள்ளே வருபவர் ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கன் (1909–1992). இவர் நீட்டவில்லை, குறுக்கவில்லை. ஈரமான முகத்தைத் துணியால் இழுத்துத் துடைத்துவிட்டார். ஆளை எதிரே உட்கார வைத்து வரைவதைத் தவிர்த்துப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தார். தெரிந்தவருக்கு அவர் கண்ணெதிரேயே அந்தக் காயத்தைச் செய்யக் கூச்சம். வன்முறையிலும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது.

இரண்டாமவர் கியோர்க் பாஸலிட்ஸ். இவருக்குப் புறனடையில் பெரிய அறையே ஒதுக்க வேண்டும். 1938இல் சாக்சனியின் டாய்ச்பாஸலிட்ஸ் கிராமத்தில் பிறந்தவர். ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். கிழக்கு பெர்லின் கலைப்பள்ளி சமூக, அரசியல் முதிர்ச்சி இல்லை என்று வெளியே அனுப்பியது. மேற்கு பெர்லினில் 1963இல் நடந்த முதல் தனிக்காட்சியிலேயே ஆபாசம் என்று இரண்டு ஓவியங்களை அரசு வழக்கறிஞர் தரப்பு பறிமுதல் செய்தது. கிழக்கில் உழைப்பாளியை நிமிர்ந்த மார்போடு வரையச் சொன்னார்கள். மேற்கில் ஆளையே வரையாதே, வண்ணத்தை மட்டும் வை என்றது நாகரிகம். அவருக்கு ஆள் வேண்டும், ஆளைப் பற்றிய பேச்சு வேண்டாம். 1969இல் ஒரு காட்டைத் தலைகீழாக வரைந்தார். நேராக வரைந்து பிறகு திருப்பி மாட்டியதன்று, வரைந்ததே தலைகீழாக. அதிலிருந்து மனைவியும் கழுகும் மரமும் அப்படியே தொங்கின.

நேராக்கல் சோதனைக்கு இவர் படங்கள்தான் ஆகச் சிறந்த களம். கைப்பேசியில் படமெடுத்துத் திருப்பினால் போதும். கழுத்தைத் திருப்பினால் சுளுக்கு. திருப்பியதும் சில படங்களில் வெறும் முகம் மிஞ்சுகிறது. அவை வழக்கத்தால் தொங்கியவை. வேறு சிலவற்றில் வண்ணப் பட்டைகள் தாங்குதல் இழந்து சரிகின்றன. அவை தேவையால் தொங்கியவை. ஒருவர் அரை நூற்றாண்டு ஒரே விகாரத்தைக் கையாண்டால் இரண்டும் கலந்துதான் கிடைக்கும்.

சிற்பத்தில் அவர் தலைகீழாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓவியத்தைத் தாங்குவது ஆணி; சிற்பத்தைத் தாங்குவது தரை, அது கலைஞன் பேச்சைக் கேட்காது. அதனால் கோடரியையும் சங்கிலி ரம்பத்தையும் எடுத்தார். 1980 வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில், மரக்கட்டையிலிருந்து பாதி எழுந்து ஒரு கையைத் தூக்கிய உருவத்தை வைத்தார். ஹிட்லர் வணக்கம் என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள்; தான் பார்த்தது ஆப்பிரிக்க லோபி மரச் சிற்பங்களை என்றார் அவர். 1989–90இல் வந்த 'டிரெஸ்டன் பெண்கள்' இந்த வகையின் உச்சம். குண்டுவீச்சில் சிதைந்த நகரத்தில் எஞ்சிய பெண்களுக்கான தலைகள் அவை. முரட்டு மரத்துண்டு, கண்ணும் வாயும் ரம்பம் போட்ட வெட்டுகள், கன்னத்தில் குறுக்கும் நெடுக்கும் அதே வெட்டுகள், எல்லாவற்றின் மேலும் கொழுத்த மஞ்சள் பூச்சு. எந்த வெட்டு முகத்தை உண்டாக்கியது, எது முகத்தைக் காயப்படுத்தியது என்று பிரிக்க முடியாது. நேராக்க முயன்றால் முகமே போய்விடும்.

இயல்பு

விகாரம் என்று தோன்றி விகாரம் ஆகாததும் ஒன்று உண்டு. 2005இல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தின் நான்காம் பீடத்தில் மார்க் குவின் ஒரு சலவைக்கல் சிலையை வைத்தார். கைகளில்லாமலும் குறுகிய கால்களோடும் பிறந்த ஓவியர் அலிசன் லாப்பர், கர்ப்பிணியாக நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களே கையொடிந்த மிலோ வீனஸ் முன்னால் மெய்மறந்து நிற்பார்கள். இங்கே சிற்பி எதையும் குறைக்கவில்லை, நீட்டவில்லை. உள்ளதை உள்ளபடி செய்தார். ஆகவே ஒன்பதில் ஒன்றிலும் இதைச் சேர்க்கக் கூடாது. நேராக்கல் சோதனையையும் இங்கே கொண்டுவரக் கூடாது, கோணியது எதுவும் இல்லாததால்.

எதிர்நூல்

நம் இயலுக்கு எதிராக ஒரு நூல் உண்டு. அதை எழுதியது ஓர் அரசாங்கம். 1937 ஜூலை 18இல் மியூனிக்கில் நாஜி அரசு தனக்குப் பிடித்த கலையைப் பெரிய மாளிகையில் காட்சிக்கு வைத்தது: திடகாத்திரமான ஆண்கள், குறையற்ற பெண்கள், நேரான முதுகுகள். மறுநாள் பக்கத்திலேயே 'சீரழிந்த கலை' என்று ஏறக்குறைய 650 படைப்புகளை நெருக்கி மாட்டி, சுவரில் கிண்டல் எழுதி வைத்தது. அதில் வில்ஹெல்ம் லெம்புரூக் 1911இல் செய்த 'மண்டியிட்ட பெண்'ணும் இருந்தாள்: நீட்டலுக்குத் தூய உதாரணம், யாருக்கும் கெடுதல் நினைக்காத தலைகுனிவு. கேலி செய்யத்தான் வைத்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், நேர் முதுகுகளைப் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு. நேராக்கலை நாம் மனத்துக்குள் செய்கிறோம். அவர்கள் சிலைகளிடமும் செய்தார்கள், மனிதர்களிடமும் செய்தார்கள்.

பார்ப்போர் இயல்பு

பார்ப்போர் நால்வகையர்.

ஒருவர் ஒப்பீட்டாளர். "என் பேரன் இதைவிட நன்றாக வரைவான்." பேரனைக் கூட்டிவரட்டும். ஒரே கழுத்தை இரண்டு முறை ஒரே காரணத்துக்காக நீட்டிக் காட்டினால் இவ்வியலில் ஒரு சூத்திரம் அவன் பெயருக்கு எழுதித் தரப்படும்.

ஒருவர் விலைக்கணக்கர். ஜியாகொமெட்டியின் 'சுட்டும் மனிதன்' 2015இல் 14 கோடி டாலருக்கு மேல் போனதை அறிந்ததும் மரியாதையாகத் தலையசைப்பவர். கிலோ என்ன விலை என்று மனத்துக்குள் வகுத்தும் பார்ப்பார். ஏலத்தில் ஏறியது யாப்பு கேட்டதற்குச் சான்றாகாது என்று இவருக்குச் சொல்லிப் பயனில்லை.

ஒருவர் பலகை வாசகர். பெயர்ப்பலகையை முழுதும் படித்து, உருவத்தை அரை நொடி பார்த்து, அடுத்த பலகைக்குப் போவார். இந்த நூலை வரிக்கு வரி படிப்பவர் இவர் ஒருவரே.

நான்காமவர் "சே, விகாரமா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலடி போய்த் திரும்பிப் பார்ப்பவர். இவருக்குச் சூத்திரமும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். எது உறுத்தியது என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். கழுத்தா, வயிறா, நடுவிலிருந்த ஓட்டையா? சொல்லிவிட்டாரென்றால் கலைஞர் எதற்காகக் கோணினாரோ அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்துவிட்டார். மீதி ஒன்பது வகையும் உரைகாரன் பிழைப்புக்கு.